வீட்டு வாசலில் எரிகிறது, ஏவிமோரில் எரியவில்லை: வேன் டீசல் ஹீட்டரில் இ-10

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் வேறு சிலரும் இருப்பார்கள். கேட்டவர் பர்மிங்காமில் இருக்கிறார். பழைய ஃபோர்ட் டிரான்சிட்டைப் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து கேம்பராக மாற்றி, போன செப்டம்பரில் ‘8 கிலோவாட்’ என்று அட்டையில் போட்ட ஒரு சீன டீசல் ஹீட்டரையும் தானே பொருத்தினார். கூடவே வந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கை நிரப்பி, வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஜனவரியில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போனார்கள். ஏவிமோர் பக்கம் இரவு மைனஸ் 8. ஹீட்டரைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பம்ப் டிக் டிக் என்கிறது, வெளியே வெள்ளைப் புகை, கொஞ்ச நேரத்தில் கண்ட்ரோலர் திரையில் இ-10 என்ற கோளாறு எண்ணைக் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. ஆறு தடவை முயன்றிருக்கிறார். வேனுக்குள் டீசல் வாடை வேறு. திரும்பி வந்து, கரண்டில் சூடாகி டீசலைப் பற்றவைக்கிற க்ளோ பிளக்கை மாற்றிவிட்டார், அப்படியும் சரியாகவில்லை. இப்போது பம்ப் வாங்கலாமா, இல்லை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஜெர்மன் ஹீட்டராகவே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

பம்ப் வாங்காதீர்கள். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வாங்குவதென்றால் ஒரு மல்டிமீட்டரும், மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சும் போதும், ஊசி வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்த வாடை. வேனுக்குள் குழந்தைகளும் தூங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பச்சை டீசல் வாடையா, எரிந்த புகை வாடையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பச்சை டீசல் என்றால் டேங்க், குழாய் ஜாயின்ட், டேங்க் மூடி, இந்த மூன்றில் ஒன்று கசிகிறது. டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஜாயின்டிலும் சுற்றி அரை மணி நேரம் விட்டால் எது ஈரமாகிறது என்று தெரிந்துவிடும். கண்ணைக் கரிக்கிற புகை வாடை என்றால் விஷயம் வேறு. இந்த ஹீட்டரில் எரிகிற காற்றும் நமக்கு வருகிற சூடான காற்றும் எங்கேயும் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் அலுமினியச் சுவர் இருக்கிறது. வாடை உள்ளே வருகிறதென்றால், அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் சரியாக உட்காராமல் வண்டிக்கடியில் இருக்கும் புகையை ஹீட்டரின் ஃபேனே உள்ளே இழுக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். சைலன்சரின் மடிப்பு வழியாகப் புகை கசிந்து தரை ஓட்டை வழியாக ஏறுவதும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது என்பதை மறக்காதீர்கள், வாடை வரவில்லை என்பதால் பயமில்லை என்று அர்த்தம் இல்லை. இஎன் 50291-2 என்று போட்ட அலாரம் வாங்குங்கள், கடைசியில் வரும் அந்த 2 தான் கேரவன், படகு மாதிரி இடங்களுக்கானது. ஹீட்டருக்கு நேர் மேலே மாட்டாமல், கூட வரும் தாளில் சொன்ன இடத்தில் மாட்டுங்கள். இதெல்லாம் முடியும்வரை ஹீட்டரைப் போட்டுக்கொண்டு யாரும் தூங்க வேண்டாம். இதற்கு மேல் நான் பயமுறுத்தப் போவதில்லை.

இனி எரியாத கதை. வீட்டில் பாட்டி காலத்துப் பம்ப் ஸ்டவ் பார்த்தவர்களுக்கு இந்த ஹீட்டரை விளக்கவே வேண்டாம். பர்னர் தலையைச் சுற்றி இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, தலை நன்றாகச் சூடான பிறகுதான் பம்ப் அடிக்க வேண்டும். பொறுமை இல்லாமல் முன்னாடியே அடித்தால் பச்சை மண்ணெண்ணெய் பீச்சிக்கொண்டு வரும், வெள்ளையாக ஆவி பறக்கும், அப்புறம் திடீரென்று பற்றிக்கொண்டு மஞ்சள் ஜுவாலை கூரை வரை போகும். உங்கள் ஹீட்டரிலும் அதேதான் நடக்கிறது. ஸ்பிரிட் கிண்ணத்துக்குப் பதில் க்ளோ பிளக், பர்னர் தலைக்குப் பதில் பிளக்கைச் சுற்றிய சின்ன கம்பி வலை, கைப் பம்ப்புக்குப் பதில் டிக் டிக் பம்ப். வெள்ளைப் புகை வந்தது என்றீர்களே, அது எரியாத டீசல் ஆவி. அப்படியென்றால் கொஞ்சமாவது எண்ணெய் போய்ச் சேருகிறது, ஆனால் பற்றவில்லை, அல்லது பற்றிப் பற்றி அணைகிறது. இந்த ரக ஹீட்டர்களில் பெரும்பாலும் இ-10 என்றால் ‘இரண்டு தடவை பற்றவைத்துப் பார்த்தேன், பற்றவில்லை’ என்பதோடு சரி. எது கெட்டுப்போனது என்று அது சொல்லவில்லை. கண்ட்ரோலருக்குக் கண்ட்ரோலர் நம்பரும் மாறும், உங்கள் பெட்டியோடு வந்த தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளோ பிளக்கே போயிருந்தால் அதற்கென்று தனி நம்பர் வந்திருக்கும், பெரும்பாலும் இ-03. அது வராதபோது பிளக்கை மாற்றியது வீண் செலவு, பரவாயில்லை, பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் ஆறு தடவை முயன்றதால் உண்டான வேலை. ஒவ்வொரு முயற்சியிலும் பம்ப் ஒன்றரை நிமிடம், வினாடிக்கு ஒன்றரை அடி (ஒரு ‘டிக்’ என்பது பம்ப்பின் ஓர் அடி) என்று வைத்துக்கொண்டால், அடிக்கு 0.022 மில்லி வீதம் 3 மில்லி போகும். ஒரு இ-10 வருவதற்குள் இரண்டு முயற்சி, ஆக 6 மில்லி. ஆறு தடவைக்கு 36 மில்லி. ஒரு சின்ன டீ கிளாஸில் பாதி டீசல் எரியாமல் சேம்பரிலும் (எரிகிற அறை) எக்ஸாஸ்ட் குழாயிலும் சைலன்சரிலும் கிடக்கிறது என்று வையுங்கள். கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கும், இருந்தாலும் மீதி கிடக்கும். இப்படியே விட்டு, நாளை எல்லாம் சரிசெய்து பற்றவைத்தால் அது மொத்தமும் சேர்ந்து எரியும். தெருவே மறைகிற அளவுக்குப் புகை வரும், பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டாலும் ஆச்சரியம் இல்லை. அதனால் முதலில் எக்ஸாஸ்ட் குழாயை ஹீட்டரின் அடியிலிருந்து கழற்றி, ஒரு தட்டு வைத்து வடியவிடுங்கள், சைலன்சரைத் தனியாகக் கவிழ்த்து வையுங்கள், ஓர் இரவு போகட்டும். மறுபடி முதல் தடவை பற்றவைக்கும்போது வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும், கதவெல்லாம் திறந்திருக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். புகை அதிகமாக வருகிறது என்று பயந்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், உள்ளே இருக்கிற சூடு எங்கும் போக வழியில்லாமல் சென்சர், ஃபேன் மோட்டார், பிளாஸ்டிக் கூடு எல்லாவற்றையும் உருக்கிவிடும். அணைப்பதென்றால் எப்போதும் கண்ட்ரோலரில்தான், அது சில நிமிடம் ஃபேனை ஓட்டி ஆறவைத்துத் தானாக நிற்கும்.

சரி, ஏன் பற்றவில்லை? உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம், ஒன்று கரண்ட், இன்னொன்று அந்த செப்டம்பர் டீசல்.

கரண்டை எடுத்துக்கொள்வோம். எரிய ஆரம்பித்த பிறகு இந்த ஹீட்டர் ஒன்றிரண்டு ஆம்பியரில் ஓடிவிடும். ஆனால் பற்றவைக்கும்போது க்ளோ பிளக் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர் வரை சில நிமிடங்கள் இழுக்கும். பேட்டரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஹீட்டர் கடைசியில், நடுவில் 5 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் வயரை வைத்து நீட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் 0.07 ஓம். 10 ஆம்பியர் போனால் வயரிலேயே 0.7 வோல்ட் காலி. ஃபியூஸ் ஹோல்டர், நீங்கள் கிரிம்ப் செய்த ஜாயின்ட்கள், பெட்டியோடு வந்த ஒல்லி வயர் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு 0.3, 0.4. வீட்டு வாசலில் சார்ஜர் போட்டிருந்தபோது பேட்டரி 13.5 வோல்ட் காட்டியிருக்கும், ஒரு வோல்ட் போனாலும் 12.5 மிஞ்சும், பிளக் செக்கச்செவேலென்று சூடாகும். ஏவிமோரில் சார்ஜர் இல்லை, பகல் முழுக்க ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது, லெட் ஆசிட் பேட்டரிக்கோ குளிரில் பலம் குறையும். 12.2 என்று காட்டுகிற பேட்டரி பாரம் ஏறியதும் 11.9-க்கு இறங்கும், அதில் ஒரு வோல்ட் கழித்தால் பிளக்குக்குப் போவது 10.9. வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 12.5-இல் கிடைத்த சூட்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. வீட்டில் எரிந்தது அங்கே எரியாததற்கு இதுவே போதுமான காரணம்.

பேட்டரி 12.6 காட்டியது என்று நீங்கள் எழுதியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது ஹீட்டர் போடாதபோது, பேட்டரி முனையில் பார்த்த அளவு. பார்க்க வேண்டியது வேறு. ஹீட்டருக்குப் போகிற பெரிய கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனைகளைச் சொருகி, ஸ்டார்ட் கொடுத்து, பிளக் இழுக்க ஆரம்பித்த முதல் நிமிடத்துக்குள் அங்கே என்ன வோல்ட் இருக்கிறது என்று பாருங்கள். அதே நேரம் இன்னொருவர் பேட்டரி முனையில் பார்க்கட்டும், தனியாள் என்றால் இரண்டு தடவை ஸ்டார்ட் கொடுக்க வேண்டியதுதான், அதற்கு முன் பம்ப்பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இன்னும் டீசல் போய்த் தேங்க வேண்டாம், பம்ப் இல்லை என்று எர்ரர் வந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் நடுவில் எங்கேயோ தின்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு வருடம் முன்னால், ஸ்காட்லாந்தின் அல்லாபூலுக்கு வெளியே ஒரு ஏரிக்கரையில் மழை கொட்டுகிற இரவில் இதே இ-10. பேட்டரியில் 12.3, ஹீட்டரில் 10.7. வயரைக் கனமாகத்தான் போட்டிருந்தேன், 6 ஸ்கொயர் எம்எம், அதனால் வயரைச் சந்தேகப்படவே இல்லை, க்ளோ பிளக்கைக் கழற்றி, வலையைக் கழற்றி, கையெல்லாம் கரி. கடைசியில் தற்செயலாக ஃபியூஸ் ஹோல்டரில் விரல் பட்டது, டீ டம்ளர் மாதிரி சுட்டது. நான் வாங்கியது மலிவான ஹோல்டர், உள்ளே இருக்கிற தகடு ஃபியூஸின் காலைச் சரியாகக் கவ்வாமல், பிளாஸ்டிக் லேசாக இளகிப் பழுப்பாகியிருந்தது. மீட்டரை ஹோல்டரின் இரண்டு பக்கமும் வைத்தால் 0.6 வோல்ட். வயரை நேராகப் போல்ட் போட்டு இறுக்குகிற ஒரு ஃபியூஸ் என் டப்பாவில் இருந்தது, அதை மாட்டியதும் இரண்டாவது முயற்சியில் பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து ஹீட்டர் ஸ்டார்ட் ஆகும்போது ஒவ்வொரு ஜாயின்டையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சூடாக இருக்கிற ஜாயின்ட்தான் வோல்ட்டைத் தின்கிறது. மீட்டர் இல்லாதவர்கூட இதைச் செய்யலாம். உங்கள் வண்டிக்கு 6 ஸ்கொயர் எம்எம் போடுங்கள், நெகட்டிவையும் பாடியில் பிடிக்காமல் பேட்டரிக்கே கொண்டுபோங்கள்.

இரண்டாவது சந்தேகம் டீசல். ஐரோப்பாவில் டீசல் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, பெட்ரோல் பங்க்கில் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் கோடைக்கால டீசல் மைனஸ் 5 வரைதான் ஃபில்டரை அடைக்காமல் ஓடும் என்பது கணக்கு, நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை விற்பது மைனஸ் 15 வரை தாங்கும். நீங்கள் 10 லிட்டர் டேங்கை நிரப்பியது செப்டம்பர். நடுவில் பெரிதாகச் செலவாகவில்லை என்கிறீர்கள். ஆக ஏவிமோரில் வண்டி எஞ்சினுக்கு ஓடியது பனிக்கால டீசல், ஹீட்டருக்குப் போனது கோடை டீசல். மைனஸ் 8-இல் அதிலுள்ள மெழுகு நூல் நூலாகத் திரண்டு, பம்ப்புக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டரில் தேங்காயெண்ணெய் உறைந்த மாதிரி வெள்ளையாகப் படியும். பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், சத்தத்தை வைத்து ஏமாந்துவிடுவோம், உள்ளே பாதிக்கும் குறைவாகத்தான் போகும். கொஞ்சம் போவதால் புகை வரும், ஜுவாலை நிற்காது. வெயில் வந்ததும் மெழுகு கரைந்து தடயமே இருக்காது, பர்மிங்காமில் கழற்றிப் பார்த்து ஃபில்டர் சுத்தமாக இருக்கிறதே என்று நீங்கள் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பழைய டீசலை எடுத்து எஞ்சின் டேங்கில் ஊற்றிவிடுங்கள், 10 லிட்டர் அங்கே போய்க் கலந்துவிடும். இதில் புதிதாக நிரப்புங்கள். பெட்ரோலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், குளிருக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவோம் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வதை இந்த மூடிய டப்பாவில் செய்து பார்க்க வேண்டாம்.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் படத்தில் பார்த்ததும் கண்ணில் பட்டதே அந்தப் பச்சைக் குழாய்தான். பெட்டியோடு கொடுக்கிற அந்த மெத்தென்ற பச்சைக் குழாயைக் குப்பையில் போடுங்கள். அதன் உள்விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் கிட்டத்தட்ட 20 மில்லி டீசல் நிற்கும். பம்ப் ஓர் அடிக்குத் தள்ளுவது 0.022 மில்லி. ஒரு மீட்டர் நகர 890 அடி வேண்டும். இதே ஹீட்டர்களுக்கென்று விற்கிற 2 மில்லிமீட்டர் உள்விட்டக் கெட்டி நைலான் குழாயில் ஒரு மீட்டருக்கு 3 மில்லிதான், 143 அடியில் நகர்ந்துவிடும். இதில் என்ன இருக்கிறது, எப்படியும் நிரம்பத்தானே போகிறது என்று தோன்றும். பிரச்சினை காற்றுக் குமிழியில். அகலக் குழாயில் டீசல் அடியில் ஓடும், குமிழி மேலே ஒட்டிக்கொண்டு நகராது, பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து சேர்ந்து விரல் நீளத்துக்கு ஆகும், அப்புறம் ஒருநாள் மொத்தமாக நகர்ந்து ஹீட்டருக்குள் போகும். அந்தக் கொஞ்ச நேரம் எண்ணெயே இல்லை, அணைந்துவிடும். ஒல்லிக் குழாயில் குமிழி தங்க இடமில்லை, கடுகளவில் இருக்கும்போதே தள்ளிக்கொண்டு போய்விடும், அது ஒன்றும் செய்யாது. இன்னொன்று, மெத்தென்ற குழாய் ஒவ்வொரு அடிக்கும் லேசாக உப்பி அடங்கும், அடியின் வேகமெல்லாம் அந்த உப்பலிலேயே போய்விடும்.

டார்ச் அடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்து, பம்ப்புக்கு முன்பக்கக் குழாயையும் பின்பக்கக் குழாயையும் ஐந்து நிமிடம் பாருங்கள். பம்ப்புக்கு முன்னாலேயே குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்றை இழுக்கிறது, டேங்க் ஜாயின்டோ ஃபில்டர் ஜாயின்டோதான். அங்கே வெளியே ஒழுகாது, உள்ளேதான் இழுக்கும், அதனால் ஈரம் தேடினால் கிடைக்காது. ரப்பர் ஸ்லீவில் இரண்டு குழாய் சேருமிடத்தில் இரண்டின் முனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இடைவெளி விட்டால் அந்தப் பள்ளத்தில் காற்று குடியேறிவிடும். முனையைக் கத்தரியால் நசுக்கி வெட்டாமல் பிளேடால் நேராக வெட்டுங்கள். பெட்டியில் வருகிற கம்பி கிளிப்பை எறிந்துவிட்டு, குழாயை முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற ஃபியூயல் கிளாம்ப் போடுங்கள்.

பம்ப்பைப் படுக்கவைத்துப் பொருத்தியிருக்கிறீர்கள். அதை நிமிர்த்த வேண்டும், ஹீட்டருக்குப் போகிற முனை மேலே பார்க்கிற மாதிரி, 15 டிகிரிக்குக் குறையாமல், 35 டிகிரி வரை சாய்த்தால் நல்லது. உள்ளே காற்று வந்தால் மேலே போய் வெளியேறிவிடும், படுத்துக் கிடந்தால் அங்கேயே தங்கி, பிஸ்டன் டீசலுக்குப் பதில் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும், டீசலை அடிக்கும்போது மொத்தையாக ஒரு ‘டொக்’, காற்றை அடிக்கும்போது சன்னமாக, உலோகத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி. பம்ப்பை டேங்க்குக்குப் பக்கத்தில் வையுங்கள், அதற்குத் தள்ளத் தெரியும், தூரத்திலிருந்து உறிஞ்சத் தெரியாது. பிற்பாடு எஞ்சின் டேங்கிலிருந்தே எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அங்கே உறிஞ்சும் குழாயை டேங்க்கின் அடிவரை விடாமல் கொஞ்சம் மேலேயே நிறுத்திவிடுவார்கள், ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமே. அந்த அளவுக்குக் கீழே டீசல் போனால் ஹீட்டர் நிற்கும், அது கோளாறு இல்லை.

இப்போது சிரிஞ்ச். ஹீட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, பிஸ்டனை உருவிய சிரிஞ்சின் வாயில் விட்டு, கீழ்முனையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரில் குழாய் நிரப்புகிற பிரைமிங் வசதி இருக்கும், அதைப் போட்டு 200 அடி எண்ணுங்கள். பம்ப் மேல் 22 என்று போட்டிருந்தால் 4.4 மில்லி வர வேண்டும். 4-க்கு மேல் வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, காசு மிச்சம். 2, 3 என்று வந்தால் அப்போதும் பம்ப்பைத் திட்டாதீர்கள். டேங்க், ஃபில்டர், குழாய் எல்லாவற்றையும் தவிர்த்து, ஒரு ஜாம் பாட்டிலில் டீசல் எடுத்து அரையடிக் குழாயில் நேராகப் பம்ப்புக்குக் கொடுத்து மறுபடி எண்ணுங்கள். பாட்டிலிலிருந்து சரியாக வந்தால் குற்றவாளி பம்ப்புக்கு முன்னால் இருக்கிறான். பாட்டிலிலிருந்தும் வரவில்லை என்றால் மட்டும் பம்ப் வாங்குங்கள்.

இந்த 22-ஐ வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். முழு வேகத்தில் வினாடிக்கு 5 அடி, 0.11 மில்லி, மணிக்கு 396 மில்லி. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட் மணி இருக்கிறது. ஆக உள்ளே போவதே 4 கிலோவாட், அதில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போக, உங்களுக்குக் கிடைப்பது 3.2. அட்டையில் போட்ட 8 எங்கே என்று கேட்காதீர்கள், அது அட்டையிலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்த 3.2-கூட குளிர் தாங்க உள்ளே நன்றாக வெப்பக்காப்பு அடித்த ஒரு டிரான்சிட்டுக்கு அதிகம். பத்து நிமிடத்தில் சூடாகிவிடும், நீங்கள் குறைப்பீர்கள், அப்புறம் ராத்திரி முழுக்க மிகக் குறைந்த வேகத்திலேயே ஓடும். அங்கேதான் கரி பிடிக்கிறது. ஸ்டவ்வைச் சிம்மிலேயே வைத்து எரித்தால் பாத்திரம் கறுக்கிற மாதிரிதான். அதனால் தினமும் அணைப்பதற்கு முன் ஒரு 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டாவது. க்ளோ பிளக்கைச் சுற்றியிருக்கும் கம்பி வலையை நீங்கள் பிளக் மாற்றியபோது எடுத்துப் பார்த்தீர்களா, இல்லையா என்று எழுதவில்லை. பெரும்பாலும் அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கொக்கி மாதிரி வளைத்த கம்பியால் இழுத்தால் வரும். கறுப்பாக, கட்டியாக வந்தால் மாற்றிவிடுங்கள், ஸ்டவ்வின் துவாரத்தை ஊசியால் குத்துவது மாதிரி இதைச் சுரண்டிப் பயனில்லை, விலையும் அற்பம். புதிதை உள்ளே விடும்போது வலையில் இருக்கிற வெட்டு, சேம்பர் சுவரில் இருக்கிற குட்டி ஓட்டைக்கு நேராக வர வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் முதல் பற்றலுக்குக் காற்று வருகிறது, வலையைத் திருப்பி வைத்து அதை மூடிவிட்டால் புதிய பிளக், புதிய வலை எல்லாம் இருந்தும் இ-10 வரும். பிளக்கை அளவாக முறுக்குங்கள், அது செராமிக்.

காற்றுப் பக்கம் உங்கள் படத்தில் ஒரே ஒரு தப்புதான் தெரிகிறது. எக்ஸாஸ்ட் குழாய் சைலன்சருக்கு முன்னால் தொட்டில் மாதிரி தொய்ந்து நிற்கிறது. டீசல் எரிந்தால் நீராவியும் உண்டாகும், அது தொய்வில் தண்ணீராகத் தேங்கும், மைனஸ் 8-இல் பனிக்கட்டியாகிக் குழாயைப் பாதி அடைக்கும். குழாயை வெளியை நோக்கிச் சரிவாகக் கட்டுங்கள், முடியாவிட்டால் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள், அது வண்டிக்கு வெளிப்பக்கமாக, தரையைப் பார்த்து இருக்கட்டும். காற்று உறிஞ்சுகிற குழாயின் வாய் எக்ஸாஸ்ட் வாயிலிருந்து தள்ளி இருக்கிறது, நல்லது. அந்த எக்ஸாஸ்ட் குழாய் பல நூறு டிகிரி சூடாகும், பக்கத்தில் போகிற உங்கள் டீசல் குழாயைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டிவிடுங்கள்.

லடாக்கில் உள்ள லே போகும் வேனுக்கும் இதே ஹீட்டர் சரிவருமா என்று கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். 3,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சொச்சம்தான். பம்ப் அதே அளவு டீசலை ஊற்றினால் எரிக்கக் காற்று பத்தாது, கறுப்புப் புகை, இரண்டு நாளில் கரி. பம்ப்பின் அடி வேகத்தைத் தனியாகக் குறைக்க விடுகிற கண்ட்ரோலர் அல்லது உயரத்தைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்கிற மாடல் வேண்டும். ஏவிமோர் கிராமம் அவ்வளவு உயரம் இல்லை, கேட்டவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

ஜெர்மன் ஹீட்டர் வாங்கலாமா? பணம் இருந்தால் வாங்குங்கள், சத்தம் குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் இதே 2.5 வயரிலும் இதே பச்சைக் குழாயிலும் அதை மாட்டினால் அதுவும் எரியாது, அது மட்டுமல்ல, தொடர்ந்து பற்றாமல் போனால் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிற பழக்கம் அதற்கு உண்டு, அப்புறம் அதைத் திறக்க ஒரு வழிமுறை, சில மாடல்களுக்குத் தனிக் கருவி என்று அலைய வேண்டும். முதலில் வாடை, அப்புறம் வடியவிடுவது, வயர், புது டீசல், குழாய், இந்த வரிசையில் போங்கள். ஒரு சனிக்கிழமை போதும். முடித்துவிட்டு மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: பிளக் இழுக்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், ஹீட்டர் கனெக்டரில் எத்தனை, 200 அடிக்கு எத்தனை மில்லி. அப்படியும் பற்றவில்லை என்றால் அந்த மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.